ஐந்தும் நான்கும் எட்டு! – பாஸ் டிராம்போனின் இரண்டாவது வால்வு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையைச் செய்யாமல் எந்த இயற்பியல் மாணவரும் முதலாண்டைத் தாண்டியிருக்க முடியாது. குழாயில் நீர் மட்டத்தை இறக்கிக்கொண்டே போவோம். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடிப்போம். ஓரிடத்தில் ஒலி ஓங்கி எழும். அந்த நீளத்தைக் குறித்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் இருந்தேன். எங்கள் பட்டறைக்கு ஒரு டிராம்போன் வந்து சேர்ந்திராவிட்டால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

என் தந்தையார் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியும், விட்டுப்போன இடங்களைப் பற்றவைத்தும் தொழில் செய்பவர். கிறிஸ்துமஸ் நெருங்கிய நாளொன்றில் தேவாலய பேண்டு குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் டிராம்போனைக் கொண்டுவந்தார். அதன் குறுக்குத் தாங்கி ஒன்று விட்டுப்போயிருந்தது. டிராம்போன் என்பது நீண்ட பித்தளைக் குழல். அதன் ஒரு பகுதி 'யு' வடிவத்தில், குழாய்க்குள் குழாயாக முன்னும் பின்னும் நழுவும். இதனை ஸ்லைடு என்பர். ஸ்லைடை நீட்டினால் குழல் நீளும்; நீண்டால் சுருதி இறங்கும். இதற்கு ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு அரைச் சுரம் இறங்கும்.

தந்தையார் பற்றவைத்து முடித்ததும் நான் ஒரு 'உதவி' செய்தேன். ஸ்லைடின் முழு நீட்சியை அளந்து, ஆறு சம பாகங்களாக்கி, சாக்பீஸால் ஏழு கோடுகள் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் இரண்டு நிலைகள் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கீழ போகப் போக கை கூட நீளணும். ஒரே அளவா போனா சுருதி சேராதுய்யா" என்றார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அவர். மடக்கை அட்டவணை வைத்துக்கொண்டு நான் அறியாததை அவர் கை அறிந்திருந்தது. அன்றிரவே கணக்கில் உட்கார்ந்தேன்.

ஓர் எண்மத்தில் பன்னிரண்டு அரைச் சுரங்கள். எண்மம் இறங்கினால் அதிர்வு எண் பாதியாகும். ஆகவே ஒவ்வோர் அரைச் சுரத்துக்கும் குழல் நீளத்தை 2-இன் பன்னிரண்டாம் படிமூலத்தால், அதாவது 1.0595-ஆல் பெருக்க வேண்டும். பெருக்க வேண்டும் என்பதைக் கவனிக்க; கூட்ட வேண்டும் என்று நான் எண்ணியதே பிழை. இன்று வழங்கும் டிராம்போனின் அடிப்படைச் சுருதி பி ஃபிளாட். குழலின் நீளம் ஏறத்தாழ 9 அடி, அதாவது 274 செ.மீ. வாய்ப்பகுதியும் மணிபோல் விரிந்த முனையும் இதில் சிறு திருத்தம் கேட்கும். நம் சோதனைச் சாலையில் முனைத் திருத்தம் செய்கிறோமே, அதைப் போன்றது. ஆனால் நமக்கு இங்கே விகிதங்களே முக்கியமாதலால் 274 என்றே கொள்வோம்.

ஸ்லைடு இரட்டைக் குழாயாதலால் கை 1 செ.மீ. நகர்ந்தால் குழல் 2 செ.மீ. நீளும். ஆகவே இரண்டாம் நிலைக்குக் கை 8.1 செ.மீ. நகர வேண்டும். அங்கிருந்து மூன்றாம் நிலைக்கு 8.6, அடுத்து 9.1, 9.7; 10.3, கடைசியாக ஏழாம் நிலைக்கு 10.9. மொத்தம் 56.7 செ.மீ. அதற்கு மேலும் சில செ.மீ. இழுக்கலாம், பிறகு ஸ்லைடு கழன்று கையோடு வந்துவிடும். பெரியவரின் கை இந்த வாய்பாட்டைத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தது.

இதன்பின் டிராம்போனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். அப்போதுதான் பாஸ் டிராம்போன் என்னும் கருவியின் தொல்லை கண்ணில் பட்டது. தொல்லை ஒரே ஒரு சுரத்தைப் பற்றியது.

ஒரே நீளமுள்ள குழலில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பல சுரங்களைப் பெறலாம். அவற்றின் அதிர்வு எண்கள் 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் அமையும். ஸ்லைடு மூடியிருக்கும்போது இரண்டாவது சுரம் 116.5 அதிர்வுகள் கொண்ட பி ஃபிளாட். முதலாவது அதற்கு ஓர் எண்மம் கீழே, 58.3 அதிர்வுகள் கொண்ட பி ஃபிளாட். இரண்டாவது சுரத்திலிருந்து ஏழு நிலைகளிலும் இறங்கினால் ஈ வரை, அதாவது 82.4 அதிர்வுகள் வரை போகலாம். அதற்குக் கீழே ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி ஆகிய ஐந்து சுரங்களுக்கு வழியில்லை. அவற்றைத் தாண்டிய பின்னரே முதலாவது பி ஃபிளாட் வரும். (பி வேறு, பி ஃபிளாட் வேறு என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க, இரண்டிற்கும் அரைச் சுரம் வேறுபாடு.) ஆக, ஏணியில் ஐந்து படிகள் இல்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்ப 1839-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிச் சாட்லர் என்னும் கருவி செய்வோர் ஒரு வழி கண்டார். குழலின் பின்பகுதியில் ஒரு சுழல் வால்வைப் பொருத்தி, அதனோடு ஒரு குழாய் வளையத்தை இணைத்தார். இடக்கைக் கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தினால் வால்வு சுழன்று, காற்று அந்த வளையத்தையும் சுற்றிக்கொண்டு போகும். குழல் நீளும், சுருதி பி ஃபிளாட்டிலிருந்து ஐந்து அரைச் சுரம் இறங்கி எஃப் ஆகும். வளையத்தின் நீளம் 91.7 செ.மீ., ஏறத்தாழ 3 அடி. இன்றைய பாஸ் டிராம்போன் இந்த வழியில் வந்ததே. அதன் நீளமும் 9 அடிதான். ஆனால் துளை அகலமானது, மணி பெரியது, வால்வு கட்டாயம்.

எஃப் வால்வை அழுத்தினால் எஃப், ஈ, ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி என்று ஏழு நிலைகளில் ஏழு சுரங்கள் கிடைக்கும். ஐந்து படிகளும் நிரம்பிவிடும் என்றுதான் நான் முதலில் எழுதிவைத்தேன். சாக்பீஸ் கோட்டில் செய்த அதே தவறு! குழல் இப்போது 365.7 செ.மீ. நீண்டுவிட்டதல்லவா? அரைச் சுரத்துக்கு அதே 8.1 செ.மீ. எப்படிப் போதும்? இரண்டாம் நிலைக்கே 10.9 செ.மீ. வேண்டும். மூன்றாவது 22.4-இல், நான்காவது 34.6-இல், ஐந்தாவது 47.5-இல், ஆறாவதாகிய சி 61.2-இல். ஸ்லைடு அங்கேயே தன் எல்லைக்கு வந்துவிட்டது. ஏழாவதாகிய பி 75.7 செ.மீ.-இல் இருக்கிறது. அங்கே குழாயே இல்லை.

நான்கு படிகள் நிரம்பின, ஒன்று எஞ்சியது. 61.7 அதிர்வுகள் கொண்ட அந்த பி. தெருமுனை மின்மாற்றியின் ரீங்காரம் நொடிக்கு 100 அதிர்வுகள். இது அதைவிடவும் தாழ்ந்தது. இவ்வளவு அடியில் உள்ள ஒரு சுரம் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். இசையமைப்பாளர் எழுதிவிட்டால் வாசித்தாக வேண்டுமே! ஹங்கேரி நாட்டு இசை மேதை பேலா பார்டோக் 1943-இல் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா' என்னும் படைப்பு 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டன் நகரில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. அதன் நான்காம் பகுதியில், பாஸ் டிராம்போன் இதே பி சுரத்திலிருந்து எஃப் வரை இடைவெளியின்றி ஸ்லைடால் வழுக்கி ஏற வேண்டும் என்று அவர் குறித்துவிட்டார். வால்வில்லாமல் முழுக் குழலும் எஃப் சுருதியில் அமைந்த பழைய பாஸ் டிராம்போனில் இது ஏழாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு ஒரே வீச்சு. அந்தக் கருவியின் ஸ்லைடு அதற்கேற்ற நீளம் கொண்டது. வெறும் கைக்கு எட்டாதாகையால் இத்தகைய நீண்ட டிராம்போன்களின் ஸ்லைடில் ஒரு கைப்பிடியும் வைத்திருப்பார்கள். பிரிட்டனில் வழங்கிய ஜி சுருதிப் பாஸ் டிராம்போனும் இத்தகையதே. ஆனால் 9 அடிக் குழலும் ஒரு வால்வும் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

முதலில் கண்ட வழி எளிது. எஃப் வளையத்தில் சுருதி சேர்ப்பதற்கென ஒரு சிறு 'யு' குழாய் உண்டு. அதைச் சுருதிக் குழாய் என்போம். அதனை 10.9 செ.மீ. வெளியே இழுத்தால் எஃப் வளையம் ஈ வளையமாகிவிடும். அப்போது பி சுரம் 64.9 செ.மீ.-இல் வரும். இதுவும் எட்டாது, இன்னும் கொஞ்சம் இழுத்து, உதட்டாலும் தாழ்த்தினால் ஒருவாறு பிடிக்கலாம். ஆனால் அந்த ஒரு சுரத்துக்காக முன்கூட்டியே இழுத்து வைக்க வேண்டும். முடிந்ததும் தள்ள வேண்டும். இடையில் எஃப் வரும் இடமெல்லாம் மாறிக் கிடக்கும். சைக்கிளில் போகும்போதே சங்கிலியைக் கழற்றி மாட்டுவது போன்ற வேலை.

ஆகவேதான் இரண்டாவது வால்வு பிறந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இசைக்குழுக்களின் பாஸ் டிராம்போன் கலைஞர்கள் தம் கருவிகளில் இரண்டாவது வால்வைப் பட்டறைகளில் சேர்த்துக்கொண்டனர். பின்னர் கருவிக் கம்பெனிகளே அவ்வாறு செய்து விற்கலாயின. இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று சார்பு வால்வு. இது எஃப் வளையத்துக்குள்ளேயே அமையும். முதல் வால்வை அழுத்தினால்தான் காற்று அந்த வளையத்துக்குள் போகும். ஆகவே இரண்டாவதைத் தனியாக அழுத்திப் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால் ஈ ஃபிளாட் அல்லது டி கிடைக்குமாறு குழாய் வெட்டப்படும். மற்றொன்று தனி வால்வு. இது முதன்மைக் குழலிலேயே முதல் வால்வுக்கு அடுத்து அமையும். இரண்டையும் தனித்தனியாகவும் அழுத்தலாம், சேர்த்தும் அழுத்தலாம். பெரும்பாலும் இதன் வளையம் தனியே அழுத்தினால் ஜி ஃபிளாட் தருவது, அதாவது பி ஃபிளாட்டிலிருந்து நான்கு அரைச் சுரம் கீழே.

இங்கேதான் என் மூன்றாவது தவறு. முதல் வால்வு ஐந்து இறக்கும். இரண்டாவது நான்கு இறக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்பது, அதாவது டி ஃபிளாட் என்று எழுதினேன். ஆனால் நான் படித்த இடங்களில் எல்லாம் டி என்றே இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று எங்கள் துறை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "குழாயைச் சேர்க்கும்போது கூட்டுகிறாயா, பெருக்குகிறாயா?" திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூட்டத்தான் செய்கிறோம்! ஜி ஃபிளாட் வளையத்தின் நீளம் 71.2 செ.மீ. இது 274 செ.மீ. குழலில் 26 விழுக்காடு. ஆகவே அங்கே நான்கு அரைச் சுரம். ஆனால் எஃப் வால்வை ஏற்கெனவே அழுத்தியிருந்தால் குழல் 365.7 செ.மீ. அதில் அதே 71.2 செ.மீ. பத்தொன்பதரை விழுக்காடுதான். அது மூன்று அரைச் சுரமும் கொசுறும். வளையம் மாறவில்லை, அது சேரும் குழல் மாறியதால் நான்கு மூன்றாகச் சுருங்கிவிட்டது. மொத்த நீளம் 436.9 செ.மீ.; துல்லியமான டி-க்கு 434.9 போதும். 2 செ.மீ. குழாய் மிகுதி, கையில் 1 செ.மீ. ஐந்தும் நான்கும் எட்டு என்று இசைக்கருவியில் சொல்வது பிழையன்று.

கணக்கில் வந்ததைக் காதால் கேட்காமல் விட மனம் வரவில்லை. நானும் விடுதி நண்பர் ஒருவரும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை 274, 92, 71 செ.மீ. என்று மூன்று துண்டுகளாக வெட்டினோம். பெரியவரிடம் இரவல் வாங்கிய வாய்ப்பகுதியைச் செருகி ஊதினோம். மணிமுனை இல்லாத வெறுங்குழாய் டிராம்போனைப் போல 1, 2, 3, 4 என்று ஒலிக்காது. ஒரு முனை மூடிய குழாயைப் போல ஒற்றைப்படைச் சுரங்களையே தரும். ஆகவே ஒரே வரிசைச் சுரத்தை மட்டும் ஒப்பிட்டோம். அதிர்வு எண் காட்டும் கைப்பேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டே ஊதியதில், மூன்று துண்டும் சேர்ந்தபோது இறக்கம் எட்டை ஒட்டியே நின்றது, ஒன்பதுக்குப் போகவில்லை. விடுதிக் காப்பாளர் வந்து நின்றதால் மேலும் சோதனை நடைபெறவில்லை.

டிரம்பெட் வாசிப்போருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் குழாய் போதாமல் சுருதி ஏறிவிடும். அதனாலேயே மூன்றாம் வால்வின் குழாயில் விரல் மாட்ட ஒரு வளையம் வைத்து, வாசிக்கும்போதே சற்று இழுத்துக்கொள்வர். டிராம்போனுக்கு அந்தக் கவலை குறைவு. 1 செ.மீ. மிகுதியானால் ஸ்லைடு அதைப் பார்த்துக்கொள்ளும்.

இனிக் கழற்றி மாட்டும் வால்வுக்கு வருவோம். இரண்டாவது வால்வு ஏன் கழற்றத்தக்கதாக இருக்க வேண்டும்? அது எப்போதும் வேண்டியிருப்பதில்லை என்பதே முதற்காரணம். இசைக்குழுவில் பல படைப்புகளுக்கு ஒரு வால்வே போதும். டிராம்போனின் முழுப் பாரத்தையும் தாங்குவது இடக்கை ஒன்றே. வலக்கை ஸ்லைடோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடக்கையின் கட்டைவிரல் முதல் வால்வுக்கு, நடுவிரல் பெரும்பாலும் இரண்டாவது வால்வுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டால், தாங்கும் வேலைக்கு மிஞ்சும் விரல்கள் சிலவே. அதன்மேல் ஒரு வால்வும் முக்கால் மீட்டர் வரை குழாயும் கூடுதல் சுமை. தனி வால்வானால் இன்னொன்றும் உண்டு: அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் எல்லாக் காற்றும் அதைக் கடந்தே போக வேண்டும். பழைய சுழல் வால்வுகளில் காற்றுப் பாதை குறுகிய இடத்தில் கூர்மையாக வளைகிறது. இதைக் குறைக்கவே அமெரிக்காவில் தேயர் என்பவர் கூம்பு வடிவ வால்வை வகுத்தார். அதில் காற்று ஏறக்குறைய நேராகவே செல்லும்.

சார்பு வால்வோ இயல்பிலேயே கழற்றுவதற்கு ஏற்றது. எஃப் வளையத்தின் சுருதிக் குழாய் இரண்டு கால்களால் செருகி நிற்கும் பொருள்தானே? அதை உருவிவிட்டு, அதே இடைவெளியில் அதே பருமனுள்ள இரண்டு கால்களோடு வால்வும் அதன் வளையமும் அமைந்த ஓர் உறுப்பைச் செருகினால் இரண்டு வால்வுக் கருவி. உருவிப் பழைய குழாயைச் செருகினால் ஒரு வால்வுக் கருவி. முதன்மைக் குழலை அறுக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கருவிக்குச் சேதமுமில்லை. தனி வால்வையும் கழற்றத்தக்கதாகச் செய்ய இயலும். ஆனால் கழற்றிய இடத்தில் வைக்க அதே நீளமுள்ள நேர்க்குழாய் ஒன்று வேண்டும். இணைப்புகள் முதன்மைக் குழலிலேயே அமைவதால் சிறு கசிவும் எல்லாச் சுரத்தையும் கெடுக்கும். சார்பு உறுப்பில் கசிந்தால் எஃப் வளையத்தின் சுரங்கள் மட்டுமே கெடும்.

காகிதத்தில் இது எளிது. படம் வரைந்து தந்தையாரிடம் காட்டினேன். அவர் வால்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கால்களின்மேல் விரலை வைத்து, "இதுதான்யா வேலையே. ஒரு காலைப் பத்த வச்சிட்டு அடுத்ததுக்குப் போனா, சூட்டுல மொதக் கால் பத்து விட்டுப்போகும். விடலன்னாலும் ஒரு நூல் அசையும். அசைஞ்சா உள்ள போகாது, போனா வெளிய வராது" என்றார். பித்தளைக் கருவிகளின் தாங்கிகளும் இணைப்புகளும் ஈயப் பற்றால் ஆனவை. குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அருகருகே இரண்டு பற்று இருந்தால் ஒன்றைச் சூடாக்கும்போது மற்றொன்றின்மேல் ஈரத்துணியைச் சுற்ற வேண்டும். இரண்டு கால்களையும் தனியே வைத்துப் பற்றவைப்பதைவிட, கருவியின் துளைகளிலேயே செருகி, இறுக்கமில்லாமல் தானாக நிற்கும் நிலையில் கட்டுக்கம்பியால் கட்டிப் பற்றவைப்பதே சரி என்பது அவர் முடிவு. இறுக்கிப் பிடித்துப் பற்றவைத்த குழாய், ஆறிய பின்னும் அந்த விசையைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும் என்றார். இதைத் தகைவு, திரிபு என்று நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த சிக்கல் பாரம். நிலையாகப் பொருத்திய வால்வை மணிக்குழலோடு தாங்கி வைத்துப் பற்றிவிடலாம். கழற்றும் வால்வை அவ்வாறு கட்ட இயலாது, கட்டினால் கழலாது. ஆகவே உறுப்பின் பாரம் முழுவதும் அந்த இரண்டு கால்களிலேயே தொங்கும். திருப்புத்திறன் விதிப்படி, பாரம் கால்களிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குக் கால்கள் நெம்பப்படும். எனவே வால்வைக் கால்களுக்கு மிக நெருக்கமாக வைத்து, வளையத்தைப் பின்புறம் மடித்துச் சுருக்க வேண்டும். மேலும் ஆளும் நெம்புகோல் இடக்கையருகே, வால்வோ பின்னால். இரண்டையும் இணைக்கும் கம்பி, உறுப்பைக் கழற்றும்போது எளிதில் விடுபட வேண்டும். வாசிக்கும்போது தளரக் கூடாது. நெம்புகோலைக் கருவியிலேயே நிறுத்திவிட்டுக் கம்பியின் ஒரு முனையை மட்டும் கழற்றுவது நல்லதா, நெம்புகோலையும் உறுப்போடு சேர்த்துக் கழற்றுவது நல்லதா? பின்னதே நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்றி மாட்டினால் வால்வு நிற்கும் கோணம் சிறிது மாறும்; துளைகள் நேர்ப்படாவிட்டால் அதுவே ஒரு தடை.

வளையத்தை ஈ ஃபிளாட்டுக்கு வெட்டுவதா, டி-க்கு வெட்டுவதா? ஈ ஃபிளாட்டுக்குக் கூடுதலாக 44.8 செ.மீ. குழாய் போதும்; டி-க்கு 69.2 செ.மீ. வேண்டும். தொங்கும் உறுப்பில் பாரம் குறைவதே நல்லது என்று நான் ஈ ஃபிளாட்டின் பக்கம் சாய்ந்தேன். ஈ ஃபிளாட்டில் சி சுரம் 38.8 செ.மீ.-இலும், பி 53.3 செ.மீ.-இலும் வரும். டி-யில் சி 26.6-இல், பி 41.1-இல். இரண்டிலும் பி கைக்குள் வந்துவிட்டது. சி-யிலிருந்து பி-க்கு எந்த வளையத்தில் விரைவாகப் போகலாம் என்று கழித்துப் பார்த்தேன். இரண்டிலும் 14.5 செ.மீ.! எஃப் வால்வு மட்டும் உள்ள பழைய கணக்கைப் புரட்டினேன். 61.2, 75.7. அங்கும் 14.5.

சிறிது நேரம் விளங்கவில்லை. பிறகு வெட்கமாக இருந்தது. சி சுரத்துக்கு வேண்டிய மொத்தக் குழல் நீளம் ஒன்றுதான், பி-க்கும் ஒன்றுதான். அதில் எவ்வளவு வால்வில் இருக்கிறது, எவ்வளவு ஸ்லைடில் இருக்கிறது என்பதே மாறுகிறது. எத்தனை வால்வு வைத்தாலும் அந்த இரண்டு சுரங்களுக்கும் இடையே கை கடக்கும் தூரம் குறையாது. வால்வு செய்வதெல்லாம் அந்த 14.5 செ.மீ.-ஐக் கையெட்டாத இடத்திலிருந்து கையெட்டும் இடத்துக்குக் கொண்டுவருவதே. இதை அறிந்த பின் டி-யே மேல் என்று மாறிவிட்டேன். 38-க்கும் 53-க்கும் இடையே முழங்கை நீண்டு தோள் இழுபடும். 26-க்கும் 41-க்கும் இடையே கை நெஞ்சுக்கு அருகில் வசமாக இருக்கும். கூடுதல் 24 செ.மீ. குழாயின் பாரத்தை அதற்காகப் பொறுக்கலாம். சார்பு வால்வுக் கருவிகளில் சிலவற்றுக்கு ஈ ஃபிளாட், டி என இரு நீளத்துச் சுருதிக் குழாய்களும் தரப்படுவது உண்டு, விரும்பியதை மாட்டிக்கொள்ளலாம்.

பார்டோக்கின் வழுக்கல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். அது தீரவில்லை. இரண்டாவது வால்வு பி சுரத்தைத் தந்தது; ஆனால் பி-யிலிருந்து எஃப் வரையிலான வீச்சைத் தரவில்லை. டி வளையத்தில் தொடங்கினால் ஸ்லைடு முழுவதும் மூடியதும் டி-யோடு நின்றுவிடும். எஃப் அதற்கும் மூன்று அரைச் சுரம் மேலே. எஃப் வளையத்தில் முடிக்க வேண்டுமானால் 75.7 செ.மீ. தொலைவில் தொடங்க வேண்டும். ஆகவே இரண்டு வால்வையும் அழுத்திக்கொண்டு தொடங்குவோர் வழியில் எங்கோ ஓரிடத்தில் இரண்டாவதை விட்டு, அந்தத் தாவல் காதுக்குத் தெரியாதபடி ஸ்லைடால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான். இடைவெளியில்லாத வீச்சுக்குக் கைப்பிடி வைத்த நீண்ட ஸ்லைடே வேண்டும்.

வாய்ப்பகுதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். வால்வுகளைப் பற்றிச் சொன்னதை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். 75.7 என்றதும் தம் டிராம்போனை எடுத்து, ஸ்லைடைக் கழன்றுவிடும் எல்லை வரை நீட்டி, அதற்கு அப்பால் ஒரு சாணைக் காற்றில் அளந்து பார்த்தார். "அந்தக் காலத்துல வாசிச்சவனுக்கு இவ்வளவு நீளக் கையா தம்பி?" என்றார். கைப்பிடி உண்டு என்றேன். "அப்பச் சரி" என்று உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார்.